எண்பது சென்டாவோ அனுதாபம்

சாவுக்கு விலை ஏறிக்கொண்டே போனது.

யாதிராவின் கணினியில் அது ஒரு சிவப்புக் கோடு. ஈமச்சடங்கு நிறுவனங்களின் விளம்பரத்தை யாராவது ஒருமுறை கிளிக் செய்தால், விளம்பரம் கொடுத்தவர் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை அந்தக் கோடு சொல்லும். போன வருடம் ஐந்து பெசோ. இந்த வருடம் ஒன்பது. செருப்பை இரண்டு பெசோவுக்குக் கிளிக் செய்தார்கள். பல் வைத்தியரை நாலுக்கு. சவப்பெட்டியின் மேல் விரல் வைக்க எவரும் தயாராக இல்லை; கிளிக் குறையக் குறைய விலை ஏறும். போதாக்குறைக்குத் தலைநகரின் பெரிய நிறுவனங்கள் புகுந்து ஏலத்தை ஏற்றிவிட்டிருந்தன.

அவள் ஒரு விளம்பர நிறுவனத்தின் புவெப்லா நகரக் கிளையில் வேலை பார்த்தாள். கிளை என்பது அவளும் ஒரு மேசையும்தான். ஜூலையில் தலைமை அலுவலகத்திலிருந்து பிரிசிலா கூப்பிட்டாள்.

"செப்டம்பர் முடியறதுக்குள்ள உன் கோடு நாலுக்குக் கீழ வரணும், யாதிரா. வரலைன்னா புவெப்லாவை மூடிடுவாங்க. நான் சொல்லலப்பா, மேல சொல்றாங்க."

"சாவை யாரும் கிளிக் பண்ண மாட்டேங்கறாங்களே, பிரிசிலா."

"அப்ப சந்தோஷமா காட்டு."

யாதிரா போனை வைத்துவிட்டுப் பக்கத்துச் சிற்றூரான அத்லிஸ்கோவுக்கு பஸ் ஏறினாள். அவளுடைய வாடிக்கையாளர்களில் பெரியவள் அங்கேதான் இருந்தாள். கசில்தா. அப்பா விட்டுப்போன ஈமச்சடங்குக் கடையை நடத்துபவள். இதுவரை அவளுக்காகப் போட்ட விளம்பரங்களில் லில்லிப் பூ இருந்தது, மெழுகுவத்தி இருந்தது, சூரியன் மறைந்துகொண்டே இருந்தது.

"ஒரு வயசானவர் வேணும்" என்றாள் யாதிரா. "சிரிக்கிற மாதிரி. தன் காரியத்துக்கு முன்கூட்டியே பணம் கட்டிட்டு நிம்மதியா இருக்கிறவர்."

"அப்படி எவனும் இந்த ஊர்ல கிடையாது. சிரிக்கிறவன் வேணும்னா எங்க மாமா இருக்கார்."

எர்மிலோ மாமாவுக்கு எழுபது தாண்டியிருந்தது. ஊர் எல்லையில் பூந்தோட்டம் வைத்திருந்தார். தினமும் காலையில் கடைக்கு வெள்ளைச் சாமந்தி கொண்டுவந்து இறக்குவார். பல் எல்லாம் சொந்தப் பல். காகிதப்பூச் செடியின் முன்னால் தொப்பியைக் கையில் பிடித்தபடி அவரை நிற்கவைத்து யாதிரா படம் எடுத்தாள். கீழே அவருடைய முழுப் பெயரைப் போட்டாள். நிஜப் பெயர் இருந்தால் ஜனங்கள் நம்புவார்கள் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அதற்கும் கீழே ஒரே வரி: "எல்லாம் முடிந்தது. இனி நிம்மதி."

விளம்பரம் திங்கட்கிழமை காலை கடையின் பெயரில் ஃபேஸ்புக்கில் வெளிவந்தது.

அத்லிஸ்கோவில் காலைக் காப்பியோடு செய்கிற காரியம் ஒன்று உண்டு. கசில்தா கடையின் ஃபேஸ்புக் பக்கத்தைத் திறந்து நேற்று யார் போனார்கள் என்று பார்ப்பது. முன்பெல்லாம் ஒலிபெருக்கி கட்டிய கார் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போகும். இப்போது படம் வரும், பெயர் வரும், ஆறுதலாக ஒரு வரி வரும். ஜனங்கள் அதைத் தொட்டு, எந்த வீட்டில் கிடத்தியிருக்கிறது, எப்போது எடுக்கிறார்கள் என்று தேடுவார்கள். இதை யாதிரா யோசிக்கவில்லை. அவள் புவெப்லாக்காரி.

பத்து மணிக்குக் கிளிக்கின் விலை ஆறு பெசோ. மத்தியானம் மூன்று. மாலையில் ஒன்று இருபது. சிவப்புக் கோடு கிணற்றில் விழுந்த வாளிபோல் இறங்கியது. யாதிரா இரண்டு முறை பக்கத்தை மூடித் திறந்து பார்த்தாள். பிறகுதான் விளம்பரத்தின் கீழே எழுதியிருந்ததைப் படித்தாள்.

"ஆத்மா சாந்தியடையட்டும், எர்மிலோ அண்ணே."

"போன வாரம்தானே என்கிட்ட ரோஜாச்செடி வித்தார். கடவுளே."

"குடும்பத்துக்கு மனத்தைரியம் கிடைக்கட்டும். எத்தனை மணிக்கு எடுக்கறாங்க?"

அதே நேரம் பூந்தோட்டத்தின் வாசலில் மூன்று பெண்கள், சாவு வீட்டுக்குக் கொண்டுபோகிற சர்க்கரைப் பையோடும் மெழுகுவத்திக் கட்டோடும் நின்றுகொண்டிருந்தார்கள். எர்மிலோ செடிக்குத் தண்ணீர் விடும் குழாயைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தார். ஒருத்தி சர்க்கரையைக் கீழே போட்டாள். இன்னொருத்தி சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். மூன்றாமவள், "அப்ப இந்த மெழுகுவத்தியை என்ன பண்றது?" என்று கேட்டாள்.

மறுநாள் யாதிரா ஓடிவந்தபோது எர்மிலோ கடையில் கத்திக்கொண்டிருந்தார்.

"என்னைக் கொன்னுட்டீங்களேடி ரெண்டு பேரும்!"

"மாமா, செத்தவங்க இவ்வளவு சத்தம் போடமாட்டாங்க" என்றாள் கசில்தா. "பேசாம உக்காருங்க. வந்த சர்க்கரையை என்ன பண்ணினீங்க?"

"அதை எதுக்குத் திருப்பித் தரணும்? மனசார கொடுத்தது."

யாதிரா மன்னிப்புக் கேட்டாள். விளம்பரத்தின் அடியில் ஒரு வரி சேர்த்தாள்: "இந்தப் பெரியவர் உயிரோடு இருக்கிறார்." கிளிக் நின்றுபோய்விடும் என்று பயந்துகொண்டேதான் சேர்த்தாள். நிற்கவில்லை. உயிரோடு இருப்பதாக நம்பியவர்களும் நம்பாதவர்களும் சண்டை போடுவதற்காகவே வந்து கிளிக் செய்தார்கள். விலை ஒரு பெசோவுக்கும் கீழே, எண்பது சென்டாவோவுக்கு இறங்கியது. நாடு முழுவதும் இந்தத் தொழிலில் யாரும் இவ்வளவு மலிவான கிளிக்கைப் பார்த்ததில்லை.

பிரிசிலா கூப்பிட்டாள். "என்ன மாயம் பண்ணின?"

"உள்ளூர் முகம்" என்றாள் யாதிரா. பொய் இல்லை.

"மாசக் கடைசியில ஈமச்சடங்கு நிறுவனங்களோட சங்கத்துக்கு நான் ஒரு கூட்டம் போடறேன். உன் கோட்டைத்தான் காட்டப்போறேன். அதுவரைக்கும் எதையும் தொடாதே."

கசில்தாவுக்குத்தான் வருத்தம். "ஊரே கடையை எட்டிப் பாக்குது. விளம்பரத்தால பெட்டி ஒண்ணுகூடப் போகல. கிளிக்கைப் புதைக்கவா முடியும்?"

"வரும், கொஞ்சம் பொறுங்க."

எர்மிலோவின் கோபம் ஒரு வாரத்தில் அடங்கியது. காலையில் பூவை இறக்கியதும் கண்ணாடி இல்லை என்று சொல்லி, விளம்பரத்தின் கீழே ஜனங்கள் எழுதியதைக் கசில்தாவையே வாசிக்கச் சொன்னார். கண்ணாடி சட்டைப்பையில்தான் இருந்தது. தன்னைப் பற்றி இவ்வளவு நல்ல வார்த்தைகளை அவர் உயிரோடு கேட்டதில்லை. பழைய பாதிரியார் எழுதியிருந்தார். நடனத்துக்கு அழைத்தபோது மறுத்த ஒரு பெண், இப்போது பாட்டி, இரண்டு வரி எழுதியிருந்தாள். அதை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னார்.

ஒருநாள் யாதிரா இருக்கும்போது கேட்டார். "ஃபிதென்சியோ எழுதியிருக்கானா?"

கசில்தா கொஞ்ச நேரம் திரையைத் தள்ளிக்கொண்டே போனாள். "இல்ல மாமா."

ஃபிதென்சியோ அவருடைய தம்பி. நியூயார்க்கில், பிராங்ஸில் ஒரு சமையலறையில் பாத்திரம் கழுவப் போனவர், அங்கேயே நின்றுவிட்டார். அவர்களுடைய அம்மா செத்தபோது வரவில்லை. குடியேற்றக் காகிதம் இல்லாதவர், ஊருக்கு வந்தால் மறுபடி அங்கே போக முடியாது. "எல்லையை நடந்தே தாண்டினவன்தானே, நடந்தே வந்திருக்கலாம்" என்று எர்மிலோ போனில் சொன்னார். பதினாலு வருடமாகப் பேச்சு இல்லை.

"அவனுக்கு இது தெரியலையோ என்னவோ" என்றார் எர்மிலோ. "பொண்ணே, இதை பிராங்ஸ்ல காட்டு."

"முடியாது ஐயா. அங்க ஒரு கிளிக் நாப்பது பெசோ. என் கோட்டோட சராசரி எகிறிடும்."

"அவன் ஒருத்தன் கிளிக் பண்ணினா போதும்."

"ஒருத்தரை மட்டும் பிடிக்க முடியாது. வலை போட்டா எல்லாரும்தான் வருவாங்க."

"போடு."

"ஐயா, இந்த மாசம் முடியட்டும். என் வேலையே இதுல இருக்கு."

எர்மிலோ தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். "அப்ப என் மூஞ்சியை எடுத்துடு. திரும்ப லில்லிப் பூ போட்டுக்கோ."

யாதிரா கசில்தாவைப் பார்த்தாள். கசில்தா பூவை எண்ணுவதுபோல் திரும்பிக்கொண்டாள்.

அவர் முகம் இல்லாவிட்டால் ஒன்பது பெசோ. முகம் இருந்து பிராங்ஸும் இருந்தால் எவ்வளவு என்று தெரியாது. தெரியாததையே யாதிரா தேர்ந்தெடுத்தாள். பிராங்ஸ், ஸ்பானிஷ் பேசுகிறவர்கள், அறுபது வயதுக்கு மேல், புவெப்லாவில் பிறந்தவர்கள். எவ்வளவு சுருக்க முடியுமோ அவ்வளவு சுருக்கினாள். சுருக்கச் சுருக்க விலை ஏறியது. கூட்டத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது அவளுடைய சராசரி நாலு பெசோ முப்பது சென்டாவோவைத் தொட்டது. மேசையில் இருந்த தன் சாமான்களை ஒரு பார்வை பார்த்தாள். ஒரு பைக்குள் அடங்கிவிடும்.

கூட்டத்துக்கு முந்தின நாள் பிராங்ஸ் விளம்பரத்தை நிறுத்த விடுங்கள் என்று எர்மிலோவிடம் கெஞ்சலாம் என்று கடைக்குப் போனாள். அவர் சாமந்தியை இறக்கிக்கொண்டிருந்தார். கசில்தாவின் போன் அடித்தது. கை ஈரம் என்று கசில்தா அதை ஒலிபெருக்கியில் போட்டாள்.

"கசில்தாவா? ஃபிதென்சியோ மாமா பேசறேன்."

கசில்தா வாயைத் திறந்தாள். எர்மிலோ கையை உயர்த்தித் தடுத்தார். ஒரு நாற்காலியைச் சத்தமில்லாமல் இழுத்து உட்கார்ந்துகொண்டார்.

"இங்க ஒருத்தன் காட்டினான். எங்க அண்ணன் படம். ரொம்பக் கஷ்டப்பட்டாரா?"

"இல்ல மாமா. துளிகூடக் கஷ்டப்படல."

"பெட்டி எது வெச்சீங்க?"

"இன்னும் வெக்கல."

"மகோகனி வெச்சுடு. ஊர்ல எவனுக்கும் வெக்காத மாதிரி. பணத்தை இப்பவே அனுப்பறேன்." அங்கே தட்டுகள் மோதும் சத்தம் கேட்டது. "அம்மாவுக்குத்தான் வர முடியல. இவருக்கும் முடியாது. பெட்டியாவது என்னோடதா இருக்கட்டும்."

போன் ஒருமுறை அதிர்ந்தது. பணம் வந்துவிட்டது. எர்மிலோ எழுந்து வந்து போனின் அருகே குனிந்தார்.

"மகோகனி எதுக்குடா எனக்கு? பைன் மரம் போதாதா?"

அங்கே தட்டுச் சத்தம் நின்றது.

"அண்ணா?"

"விளம்பரம்டா அது. உயிரோட இருக்கேன்னு கீழ போட்டிருக்கில்ல? படிக்கத் தெரியாது?"

"எறும்பு மாதிரி எழுத்துல போட்டா எவன் படிப்பான்? இங்க ரெண்டு நாளா நான் அழுதுட்டு இருக்கேன்!"

"அழுதியா?"

"பணத்தைத் திருப்பி அனுப்பச் சொல்லு!"

"முடியாது. அது என் பெட்டி."

அவர்கள் சண்டை போட்டார்கள். அம்மாவைப் பற்றி, ஒரு கழுதையைப் பற்றி, யார் முதலில் போனை வைத்தது என்பதைப் பற்றி. பக்கத்து அறையில் ஒரு குடும்பம் யாரையோ கிடத்தியிருந்தது. கசில்தா போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, ரசீது எழுதினாள். விளம்பரத்தால் வந்த முதல் விற்பனை.

யாதிரா அன்று மத்தியானமே புவெப்லாவுக்குத் திரும்பி அறிக்கையைத் திறந்தாள். சராசரி நாலு ஐம்பது. ஒவ்வொரு விளம்பரத்தின் பெயருக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். அதில் குறி இருந்தால்தான் கணக்கில் சேரும். சோதனை விளம்பரங்களை விலக்கிவிடலாம் என்று விதியிலேயே இருந்தது. "பிராங்ஸ்" என்ற பெயருக்கு முன்னால் "சோதனை" என்று சேர்த்தாள். குறியை எடுத்தாள்.

எண்பது சென்டாவோ.

கூட்டத்தில் பிரிசிலா அந்தக் கோட்டைச் சுவரளவுக்குப் பெரிதாகக் காட்டினாள். நாட்டின் பெரிய பெரிய ஈமச்சடங்கு நிறுவனக்காரர்கள் போனை உயர்த்திப் படம் எடுத்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்: "இதனால எத்தனை வித்துச்சு?"

"அது அடுத்த கட்டம்" என்றாள் பிரிசிலா.

"ஒண்ணு" என்றாள் கசில்தா. வாடிக்கையாளர் என்று அவளையும் அழைத்திருந்தார்கள். "மகோகனி. நியூயார்க்லேருந்து."

பிரிசிலா யாதிராவைப் பார்த்தாள். "நியூயார்க்கா? அறிக்கையில நியூயார்க்கே இல்லையே?"

"அது வேற" என்றாள் யாதிரா. "உறவுக்காரங்க. விளம்பரத்தால இல்ல."

கசில்தா அவளைப் பார்த்தபடியே தட்டிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்துக் கடித்தாள். பிரிசிலாவின் முகம் தெளிந்தது. கைதட்டினார்கள். புவெப்லாவை மூடவில்லை. ஒவ்வொரு ஊரிலும் இப்படி ஒரு முகம் தேடு என்று யாதிராவுக்குப் புது வேலை வந்தது. ஒரு நாற்காலியும் கூடுதலாகக் கொடுத்தார்கள்.

அடுத்த வாரம் அத்லிஸ்கோ கடையின் வாசலில் வயதானவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தலையைப் படிய வாரி, ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டு. உள்ளே பிணம் எதுவும் இல்லை. ஒரு கிழவி கைப்பையிலிருந்து உதட்டுச் சாயத்தை எடுத்தபடி யாதிராவை அழைத்தாள்.

"படம் எடுக்கிறவ நீதானே? எனக்கு நியூயார்க் எல்லாம் வேண்டாம்மா. இந்தத் தெருவுக்கு மட்டும் காட்டு. யாரு வர்றாங்கன்னு பாக்கணும்."

"ஒரே தெருவுக்கு மெஷின் காட்டாதும்மா. குறைஞ்சது ஒன்றரைக் கிலோமீட்டராவது கொடுக்கணும்."

கிழவி உதட்டுச் சாயத்தைப் பூசிக்கொண்டாள்.

"சரி, கொடு. அதுக்குள்ளதான் என் மருமக வீடு."