சின்ன மாப்பிள்ளையின் பயாப்ஸி

அந்த வீட்டுக்கு இரண்டு டாக்டர் மாப்பிள்ளைகள். பெரியவர் நோய்க்குறியியல் ஆய்வாளர். ஆண்களின் புராஸ்டேட் சுரப்பியில் வரும் புற்றுநோய்ச் சதையை மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவர். சின்னவர் அதே புராஸ்டேட்டை அறுத்தெடுக்கும் சர்ஜன். பெரியவரின் கண்ணில் விழுந்த தூசி அந்தச் சின்னவர்தான்.

"உங்களுக்கு என்ன வேலை மாப்ளே?" என்று மாமியார் வருஷம் தவறாமல் பெரியவரைக் கேட்பாள். சின்னவரிடம் அந்தக் கேள்விக்கே இடமில்லை. பிழைத்த நோயாளிகள் பழக்கூடையோடு அவர் வாசலில் நிற்பார்கள். யாருக்குக் கத்தி வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று கண்ணாடித் துண்டைப் பார்த்துச் சொன்ன ஆளை எந்த நோயாளிக்குத் தெரியும்?

புற்றுச் செல்கள் சல்லடைபோல் ஓட்டை ஓட்டையாக அடுக்கிக்கொண்டால் அது முரட்டு ரகம். அதைப் பற்றிப் பெரியவர் பாதி ஆயுசு ஆராய்ந்து எழுதியிருந்தார். ஒரு மாநாட்டு மேடையில் சின்னவர் அதை அழகாக விளக்கிவிட்டு, "எங்க சகலையோட வேலைதான் இது" என்று சிரித்தார். கைதட்டல் முழுக்கச் சிரித்தவருக்கே போயிற்று. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவருக்கு வயிறு எரிந்தது.

ஒரு நாள் மதியம் சின்னவர் லேபுக்குள் வந்து கதவைச் சாத்தினார். கையில் ஸ்லைடு பெட்டி. நெஞ்சை நிமிர்த்தியே நடக்கிற மனுஷன், ஸ்டூல் நுனியில் ஒட்டிக்கொண்டார்.

"அண்ணே, இது என்னோட பயாப்ஸி, புராஸ்டேட்ல குத்தி எடுத்த துணுக்குங்க. எங்க ஆஸ்பத்திரில பாத்துட்டு சல்லடைன்னு எழுதிட்டாங்க. நீங்க ஒரு தடவை பாருங்க."

"வீட்ல தெரியுமா?"

"யார்கிட்டயும் மூச்சு விடல."

பெரியவருக்கு முதலில் வந்தது பரிதாபம் இல்லை. 'வாடா வழிக்கு' என்று உள்ளே ஏதோ சப்புக்கொட்டியது. ஸ்லைடை வைத்துக் குனிந்தார். ஓட்டை ஓட்டையாகத்தான் தெரிந்தது. 'முரட்டுப் புற்றாகவே இருக்கட்டுமே' என்றது மனசு. அதைக் கேட்டதும் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை எடுத்துவிட்டார். வெந்த வயிற்றோடு பார்த்ததை நம்பி ஒருத்தனுக்குத் தீர்ப்பு எழுதலாமா?

"இன்னொரு சாயம் போட்டுப் பாக்கணும். நாளைக்கு வாங்க."

சாயம் ஏறியதும், யாருடையது என்று சொல்லாமல் அடுத்த அறை டாக்டரம்மாவிடமும் ஸ்லைடுகளைக் கொடுத்தார். அவள் கண்டதும் அவர் கண்டதும் ஒன்றுதான். ஓட்டைகளைச் சுற்றி வேலி கட்டினாற்போல் பழுப்பு விளிம்பு, செல்களும் சாதுவானவை; அப்படியென்றால் அது புற்றே இல்லை. புராஸ்டேட்டின் நடுப்பகுதிச் சுரப்பிகள் இயல்பிலேயே அப்படி இருந்து ஆளை ஏமாற்றும். வேறொரு துணுக்கில் மட்டும் கடுகளவு புற்று, அதுவும் மந்தமான ரகம்.

மறுநாள் சின்னவரிடம் சொன்னார். "அறுக்க வேண்டாம். கண்காணிச்சாப் போதும்."

சின்னவர் அவர் தோளில் முகம் புதைத்து விம்மினார். பெரியவர் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார். அந்தக் கொஞ்ச நேரம் பொறாமை போன இடம் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் சின்னவரே விஷயத்தை உடைத்தார்.

"பாத்ததுமே எனக்குச் சந்தேகம்தான், அத்தை. இது தப்பா இருக்கும்னு தோணுச்சு. அதான் அண்ணன்கிட்ட தூக்கிட்டு ஓடினேன்."

"அதான் எங்க சின்ன மாப்ளே மூளை!" மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பெரிய மாப்ளே, நீங்களும் பக்கத்துல இருந்தது நல்லதாப் போச்சு."

பெரியவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "வாயைத் திறந்து சொல்லுங்களேன்" என்று மனைவி முழங்கையால் இடித்தாள்.

"அத்தை, இனிமே இவர் ஆயுசு முழுக்க வருஷா வருஷம் என் லேப்ல வந்து கைகட்டி நிக்கணும். தெரியுமில்ல?" என்றார் பெரியவர்.

மேஜையே குலுங்கிச் சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது சின்னவர்தான். மனைவி மட்டும் சிரிக்காமல், தண்ணீர் டம்ளரைப் பெரியவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.