பந்திச் சோறு தின்ற கிடா

1.
மறைப்பானேன், இந்தக் கதை எனக்குக் கல்யாண மண்டபத்தின் பின்வாசலில் கிடைத்தது. 2006 ஆனி மாதம், சேலையூர். தாம்பூலப் பையோடு ஸ்கூட்டரைத் தேடிப் போனவன், கொழுத்த செம்மறிக் கிடா ஒன்று படுத்தபடியே பந்திச் சோறு தின்பதைப் பார்த்தேன். பக்கத்தில் எலும்பும் தோலுமாய்ப் பெட்டைகள், சுவரில் போஸ்டரைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தன. கிடா அவற்றைச் சட்டை செய்யவில்லை. அவையும்தான். அட, இதென்ன கூத்து என்று நின்றுவிட்டேன்.

2.
"பசிக்கும் காமத்துக்கும் ஆதிகாலம் தொட்டு..." (முதலில் இப்படித் தொடங்கினேன். கட்டுரை வாடை. அடித்துவிட்டேன்.)

"பொன்னி ஓர் அபலை..." (அவள் காதில் விழுந்தால் என்னை உதைப்பாள்.)

3.
பொன்னி அந்த ஆடுகளின் சொந்தக்காரி. கிடாவைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவள். கொழுத்தால்தான் வீரியம் என்று சோற்றையெல்லாம் கிடாவுக்கே கொட்டியவன் அவள் புருஷன் வடிவேலு. குட்டியே பிறக்கவில்லை.

"ஆடி முடியறதுக்குள்ள ஒரு பெட்டையோட சேந்தா வூட்ல கெடக்கட்டும். இல்லாங்காட்டி கறிக்கட," என்றான்.

ஆடி பிறந்தது. கல்யாணம் இல்லை, மண்டபம் பூட்டு, சோறு நின்றது. பொன்னி புண்ணாக்கு வாங்கிப் பெட்டைகளுக்கு வைத்தாள்*. கிடாவை ஏரிக்கரையில் நடத்தினாள்.

"எளைச்சா கறி கொறையும்டி."

"கொறையட்டும்யா. மொதல்ல ஏந்து நிக்கட்டும்."

நின்றது. கழுத்தை நீட்டி, மேலுதட்டைச் சுருட்டிப் பெட்டையை மோப்பமும் பிடித்தது. பொன்னி அழுதேவிட்டாள்.

(* பட்டினி கிடக்கும் பெட்டை சரியாகப் பருவத்துக்கு வராது என்று பல்லாவரம் சந்தையில் சொன்னார்கள். வயிறு நிறைந்த பெட்டை கிடாவைப் பொறுக்கித் தேர்ந்தெடுக்குமா என்று கேட்டேன். சிரித்தார்கள்.)

4.
என்னிடம் இரண்டு முடிவுகள் இருந்தன. ஒன்றில் கிடா சேர்கிறது, கறிக்கடை வண்டி வெறுமனே திரும்புகிறது. மற்றதில் வண்டி கிடாவை ஏற்றிக்கொண்டு போகிறது. இரண்டையும் பொன்னியிடம் சொன்னேன்.

"கிடா ரெடியாத்தான் கீது சார். பெட்டைக்கும் இப்ப வயிறு ரொம்பிகீது. அதுக்குப் புடிக்கணும்ல? அத்த கேக்காம நீங்க இன்னா முடிக்கிறது?"

இரண்டு முடிவுகளையும் அடித்துவிட்டேன்.

5.
ஆடிக் கடைசி ஞாயிறு. கறிக்கடை வண்டி தெருமுனையில் திரும்புகிறது. கிடா காத்து நிற்கிறது. பெட்டை அதை நோக்கி ஓரடி வைத்து, நின்று, காதை ஆட்டுகிறது. பொன்னி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாள்.

நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். மேலே நீங்கள் எப்படி வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளுங்கள், பெட்டையை மட்டும் பிடித்துத் தள்ளாதீர்கள்.