பட்டறையில் நின்ற ஒன்பது மஞ்சள் டிராக்டர்கள்

"ஊரே இதைத்தான் வாங்குது" என்று நான் வாயை விட்டதுதான் தப்பு. அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் அதையே பிடித்துக்கொண்டார்.

"கும்பல் போற பக்கமே நீயும் போவியா? அதிகமா விக்கிறதெல்லாம் நல்ல வண்டியா? சரி, உன் வண்டி எப்ப வருது?"

உன் வண்டியாம். அவருக்கு ஆசை வெள்ளை டிராக்டர் மேல். ஷோரூமில் அதைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார். மஞ்சளுக்குக் கையெழுத்துப் போட்டது நான். போன வருஷம் விதைக்கிற வாரத்தில் பழைய வண்டி படுத்துவிட்டது. வாடகைக்கு ஒன்றும் சிக்காமல் நிலம் சும்மா கிடந்தது. இந்த வருஷமும் அப்படியென்றால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு இரண்டு பேரும் கூலிக்குப் போக வேண்டியதுதான்.

வண்டி வர இன்னும் இரண்டு நாள். கலப்பைக்கு ஒரு போல்ட் வாங்க மெக்கானிக்கின் பட்டறைக்குப் போனோம். உள்ளே நுழைந்ததும் அப்படியே நின்றுவிட்டேன். வரிசையாக மஞ்சள் டிராக்டர்கள், பானட்டைத் திறந்து போட்டபடி. ஓரத்தில் ஒரே ஒரு வெள்ளை.

வீட்டுக்காரர் திட்டவில்லை. விரல் விட்டு எண்ணினார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

"மஞ்சள் ஒன்பது. வெள்ளை ஒண்ணு" என்றார்.

வண்டிக்கு அடியிலிருந்து மெக்கானிக் தலையை நீட்டினான். "என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

"எங்க வண்டியும் இங்கதான் வந்து நிக்குமா? மறைக்காம சொல்லு."

"இந்தச் சுத்துவட்டாரத்துல மஞ்சள் நானூறு ஓடுதுக்கா. அதுல ஒன்பது இங்க நிக்குது, அதுவும் விதைப்புக்கு முன்னாடி ஆயில் மாத்த. சாயங்காலம் எல்லாம் கிளம்பிடும். வெள்ளை மொத்தமே ரெண்டு. ரெண்டுல ஒண்ணு இங்க."

போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. ஆனால் இவர் விடுவாரா?

"அப்போ அதிகமா விக்கிறதுதான் நல்ல வண்டிங்கிறியா?"

"அப்படிச் சொல்ல மாட்டேண்ணே. இன்ஜினைப் பார்த்தா வெள்ளைதான் ஒரு படி மேல. ஆனா சின்ன ஆயில் சீல் ஒண்ணு கிடைக்காம நாலு மாசமா கிடக்கு. மஞ்சளுக்கு அதே சீல் என் டப்பாலயே இருபது இருக்கு. நிறைய பேர் வாங்கறதால வண்டி நல்லதாயிடாது. பார்ட்ஸ் கிடைக்கும், அவ்வளவுதான்."

"அந்த வெள்ளை வண்டிக்காரரு என்ன பண்றாரு?" என்று கேட்டேன்.

"வாடகை வண்டிக்கு அலையறாரு. எவனும் இந்த வாரம் தர மாட்டேங்கிறான்."

வெள்ளை வண்டியின் சக்கரத்தைச் சுற்றிப் புல் முளைத்திருந்தது. நல்லாக் கேட்டுக்கோங்க என்று சொல்ல எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அந்த ஆளை நினைத்து அடக்கிக்கொண்டேன். போன வருஷம் அப்படி அலைந்தது நாங்கள்தானே.

வீட்டுக்காரர் வெள்ளை வண்டியின் மட்கார்டை ஒருமுறை தட்டிக்கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"அந்த சீல்ல ஒண்ணு குடுப்பா. வீட்டுல இருக்கட்டும்."

"எந்த வண்டிக்குண்ணே?"

"எங்க வண்டிக்குத்தான்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீடு வந்து சேர்ந்த பிறகுதான், போல்ட் வாங்க மறந்தது ஞாபகம் வந்தது.