ஆஞ்சநேயருக்குப் போட்ட நாற்காலி

மயிலாப்பூரில் ஒரு சின்ன மண்டபத்தில் ஒன்பது நாள் ராமாயண உபன்யாசம். ராமாயணம் சொல்லுமிடத்துக்கெல்லாம் ஆஞ்சநேயர் வந்து உட்கார்ந்து கேட்பார் என்பது நம்பிக்கை. அதனால் மேடைக்குப் பக்கத்தில் அவருக்கென்று ஒரு நாற்காலி போட்டு, பட்டு விரித்து, பூ வைத்திருந்தார்கள். அதில் வேறு யாரும் உட்கார்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் கல்யாணராமனுக்குக் கிடைத்த கைங்கரியம்.

இன்ஷூரன்ஸ் கம்பெனியில் முப்பத்தாறு வருஷம் நாற்காலியைத் தேய்த்தவனுக்குக் காலி நாற்காலியைக் காக்கிற வேலை பொருத்தம்தான் என்று அவரே தன்னைக் கேலி செய்துகொள்வார். ஆனால் உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை. முதல் நாளே ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை எழுப்பிவிட்டார். மூன்றாம் நாள், கைப்பையை மட்டுமாவது வைத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சிய ஒரு மாமியிடம், சுவாமி மடியில் பையை வைப்பீர்களா என்று கேட்டு வாயடைக்க வைத்தார். கடலில் பாலம் கட்டிய வானரங்களுக்குக்கூட இவ்வளவு மிதப்பு இருந்திருக்காது.

தொண்டர்களின் வாட்ஸப் குழுவில் ஒரு சட்டமும் போட்டார். தொண்டர் குடும்பத்துக்கு எந்தச் சலுகையும் கிடையாது, சொந்தக்காரர்களுக்கு இடம் பிடிப்பது அறவே கூடாது. பதினேழு பேர் கும்பிடு பொம்மை போட்டார்கள். போடாதவர்கள் யார் யார் என்று உட்கார்ந்து பார்த்தார்.

பலன் கருதாத சேவை என்று தினமும் நாலு பேரிடமாவது சொல்லாமல் அவருக்குத் தூக்கம் வராது. கருதியது ஒன்றே ஒன்றுதான். கடைசி நாள் பட்டாபிஷேகம் முடிந்ததும் தொண்டர்களை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்துவார்கள். மைக்கில் பெயர் சொல்வார்கள். அறுபத்தாறு வயதுவரை அவர் பெயரை யாரும் மைக்கில் சொன்னதில்லை. ரத்தப் பரிசோதனைக்குப் போன இடத்தில் கூப்பிட்டதைச் சேர்த்துக்கொள்ள முடியாது.

அதைப் பார்க்கத்தான் அவர் மனைவி அபயாம்பாள் கடைசி நாள் மந்தைவெளியிலிருந்து ஆட்டோ பிடித்து வந்தாள். அவளுக்கு வலது முட்டி போய் இரண்டு வருஷமாகிறது. ஒன்பது நாளும் அவருக்கு வேஷ்டி இஸ்திரி போட்டு, சாயங்காலம் அவசர அவசரமாக டிபன் செய்து அனுப்பியதில் முட்டி இன்னும் வீங்கியிருந்தது. மண்டபமோ நிரம்பி, வாசல்வரை ஆட்கள் நின்றார்கள். காலியாக இருந்தது அந்த ஒரு நாற்காலிதான்.

அபயாம்பாள் நாற்காலியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"ஏன்னா, ஒரு கால் மணி உட்கார்ந்துக்கட்டுமா? நிக்க முடியலை."

வேறு யாரையாவது எழுந்திருக்கச் சொல்லலாம் என்றால், சட்டம் போட்டதே அவர்தான். முன்வரிசையிலிருந்து நீதிபதி வேறு பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் பார்க்கறா. அந்தத் தூணோரமா சாஞ்சுண்டு நில்லு. இதோ முடிஞ்சுடும்" என்றார்.

அவள் போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முடிய இரண்டு மணி நேரம் ஆயிற்று. சீதை தன் முத்துமாலையைக் கழற்றி அனுமனுக்குக் கொடுத்த கட்டத்தில் கூட்டமே கண்ணைத் துடைத்துக்கொண்டது. கல்யாணராமனும் துடைத்துக்கொண்டார். சால்வை மெரூனா பச்சையா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது.

செயலாளர் ராஜகோபாலன் மைக்கைப் பிடித்து, "கல்யாணராமன் தம்பதிகள்" என்று கூப்பிட்டார். தம்பதியாகத்தான் கூப்பிடுவார்கள் என்பது இவருக்குத் தோன்றவே இல்லை. மேடையேறித் திரும்பிப் பார்த்தார். தூணோரம் அவள் இல்லை. தட்டில் சால்வைக்குப் பக்கத்தில் ரவிக்கைத் துணியும் பூவும் மஞ்சளும் குங்குமமும் காத்திருந்தன.

மாமி எங்கே என்று ராஜகோபாலன் விசாரித்தார். நிற்க முடியாமல் அரை மணிக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டாள் என்று கீழேயிருந்து யாரோ சொன்னார்கள். ராஜகோபாலன் மைக்கை இவரிடம் நீட்டினார். வீட்டுக்கு விருந்தாளி வந்துவிட்டார்கள் என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்ல முடியவில்லை.

"உட்கார எடம் கேட்டா. நாற்காலி காலியாத்தான் இருந்தது. நான்தான் தரலை" என்றார்.

ராஜகோபாலன் மைக்கை வாங்கி, தழுதழுத்த குரலில், சொந்த மனைவிக்குக்கூட ஆஞ்சநேயர் ஆசனத்தை விட்டுக்கொடுக்காத பக்தி இது, தன்னலமற்ற சேவை என்றால் இதுவல்லவா என்றார். கைதட்டல் எழுந்தது. நீதிபதியே எழுந்து நின்று தட்டினார்.

ஒன்பது நாளாக அவர் ஏங்கிய கைதட்டல்தான். கல்யாணராமனுக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை பேருக்கு முன்னால் தப்பை ஒப்புக்கொண்டும் ஒருவருக்கும் அது தப்பாகப் படவில்லையே என்று அழுகை வந்தது. சால்வை போர்த்த வந்த கைகளை விலக்கிவிட்டு, அபயாம்பாளிடம் போவதற்காக அவசரமாகப் படியிறங்கினார். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டு கூட்டம் இன்னும் பலமாகத் தட்டியது.