காபிப்பொடி நிறக் கிளி

பீரோவின் இரண்டு கதவுகளையும் திறந்து வைத்துக்கொண்டு ஞானையா கால்மணி நேரமாக நின்றுகொண்டிருந்தார். அடுத்த அறையில் புஷ்பத்தைக் குளிப்பாட்டி முடித்துவிட்டார்கள். மகள் ஜெரூஷா இரண்டு தடவை கதவைத் தட்டிவிட்டாள்.

"ப்பா, கிடைச்சுதா? நான் வந்து பாக்கட்டுமா?"

"வேணாம்மா. நானே எடுத்துட்டு வரேன்."

எடுத்துவிடலாம்தான், எது என்று தெரிந்தால்.

மூன்று வாரத்துக்கு முன்னால், வயிற்று வலி சற்று அடங்கியிருந்த ஒரு காலையில், புஷ்பம் கஞ்சியைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "நான் போனதும் அந்த சர்ச் கல்யாணத்து வெள்ளைப் புடவையெல்லாம் கட்டாதீங்க. வெள்ளையில என்னைப் பாத்தா எனக்கே பயமா இருக்கும். நீங்க வாங்கிக் குடுத்தீங்களே அந்தப் பச்சை, அதுல அனுப்புங்க." அவர், "காலங்காத்தால என்ன பேச்சு இது" என்று கோபித்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். போகாமல் உட்கார்ந்து, அது எந்தத் தட்டில் இருக்கிறது என்றாவது கேட்டுத் தொலைத்திருக்கலாம். இன்று விடியற்காலை நாலேமுக்காலுக்கு அவள் போய்விட்டாள். இனி யாரைக் கேட்பது?

ஞானையாவுக்குப் பச்சை தெரியாது. சிவப்பும் தெரியாது. அவர் கண்ணுக்கு அந்த இரண்டும் பழுப்பும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஒரே ஜாடை. இருபத்திரண்டு வயதில் ரயில்வே மெடிக்கலுக்குப் போனபோது புள்ளி புள்ளியாக இருந்த ஒரு புத்தகத்தை நீட்டி, உள்ளே என்ன நம்பர் என்று கேட்டார்கள். உள்ளே நம்பர் இருப்பதாகவே அவருக்குத் தெரியவில்லை. ரயில் ஓட்டும் ஆசை அன்றோடு சரி. "வெளிய மூச்சு விட்டுடாதே, எவனும் பொண்ணு தரமாட்டான்" என்றார் அவருடைய அப்பா. ஞானையாவும் மூச்சு விடவில்லை. கணக்கு வாத்தியார் ஆனார், கறுப்புப் பலகையும் வெள்ளைச் சாக்பீஸுமாகக் காலம் ஓடிவிட்டது.

புஷ்பத்திடம் மட்டும் அந்த ரகசியம் மூன்று வாரத்துக்கு மேல் நிற்கவில்லை. கல்யாணமான புதிதில், அவளுக்குச் சொல்லாமல் தி.நகர் போய், கடையெல்லாம் ஏறி இறங்கி ஒரு புடவை வாங்கி வந்தார். "உன் நிறத்துக்குக் காபிப்பொடி கலர் எடுப்பா இருக்கும்னு பாத்துப் பாத்து எடுத்தேன்" என்று பெருமையாக நீட்டினார். புஷ்பம் பிரித்துப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி புடவையைப் பார்த்தாள். கிளிப்பச்சை!

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். சிரித்து ஓய்ந்த பிறகு, அவர் முகம் போன போக்கைக் கண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஒரே ஒரு நாளைக்கு உங்க கண்ணை என்கிட்ட குடுங்க வாத்தியாரே. நீங்க என்னத்தைப் பாக்குறீங்கன்னு நானும் பாக்கணும்" என்றாள். அதற்குமேல் அதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. பெற்ற மகளிடமும் சொல்லவில்லை, கூடப்பிறந்த தங்கையிடமும் சொல்லவில்லை.

அந்த மாதமே அவருடைய ஹேங்கர்களில் சின்னச் சின்ன அட்டைகள் முளைத்தன. கட்டைவிரல் அகல அட்டையில் ஒரு கிளி இருந்தால் பச்சைச் சட்டை. கொக்கு என்றால் வெள்ளை. அணில் என்றால் பழுப்பு, செம்பருத்தி என்றால் சிவப்பு. பார்க்கிறவர்கள் புஷ்பத்துக்குப் படம் வரையும் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டார்கள். பிறகு நிஜமாகவே பைத்தியம் பிடித்துவிட்டது. தீப்பெட்டி அளவு அட்டையில் மீன்கொத்தியும் மைனாவும் புள்ளிமானும் ஊமத்தம்பூவுமாக, பூதக்கண்ணாடிக்குக் கீழே தலையைக் கவிழ்த்து, நாலு முடி பிரஷ்ஷால் வரைந்து தள்ளினாள். தாம்பரத்தில் அவர்கள் போகும் சர்ச்சில் புஷ்பத்தின் பறவை இல்லாத பைபிளே கிடையாது. எல்லோருக்கும் அதுதான் கிறிஸ்துமஸ் பரிசு.

ஞானையா குனிந்து நடுத்தட்டைப் பார்த்தார். காபிப்பொடி நிறத்தில் ஆறேழு புடவைகள். ஒன்றை உருவினார். மடிப்பிலிருந்து நூலில் கட்டிய ஓர் அட்டை வெளியே விழுந்து தொங்கியது. அதில் ஓர் அணில், வாலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தது: "இது இல்ல வாத்தியாரே."

அடுத்ததை உருவினார். செம்பருத்தி. "இதுவும் இல்ல." நாலாவதில் கிளி இருந்தது. "இதேதான். சீக்கிரம் குடுங்க, எல்லாரும் காத்துக்கிட்டு இருப்பாங்க."

எப்போது எழுந்து வந்து இதைச் செய்தாள்? கட்டிலிலிருந்து பாத்ரூம் போகவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்ததே! ஞானையா புடவையை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டார். பிறகு கிளி அட்டையை அவிழ்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தார்.

கீழ்வீட்டு ஜெய்னப் புடவையை வாங்கிக்கொண்டாள். ராத்திரி முழுக்கத் துணைக்கு இருந்தவள் அவள்தான். "சார், அக்கா கட்டவிரல் நகத்துல பெயிண்டு ஒட்டிகினு இருக்கு. காஞ்ச இலை கலர்ல. தொடச்சுடட்டுமா?" என்று கேட்டாள்.

பிரஷ்ஷை அட்டையில் வைக்கும் முன் இடது கட்டைவிரல் நகத்தில் ஒரு தடவை தீற்றிப் பார்ப்பது புஷ்பத்தின் வழக்கம்.

"இருக்கட்டும்மா" என்றார்.

பதினொரு மணிக்கெல்லாம் ஹால் நிறைந்துவிட்டது. பச்சைப் புடவையில் புஷ்பம் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தாள். சர்ச் பெண்கள் சங்கத்தார் பாயில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். நாலு மணிக்கு அடக்கம். ஜெபம் செய்ய வர வேண்டிய ஆயர் பெருங்களத்தூர் தாண்டி நெரிசலில் நிற்பதாகப் போன் வந்தது.

ஜெரூஷா பெட்டியின் தலைமாட்டில் ஒரு சின்ன மேசையைப் போட்டு வெள்ளைத் துணி விரித்தாள். அம்மாவின் படங்களை அதில் அடுக்கி, பக்கத்தில் பூதக்கண்ணாடியையும் வைக்க வேண்டும் என்பது அவள் ஆசை. கீழ்க்கட்டளையிலிருந்து வந்திருந்த சித்தி ஜோசலின், புஷ்பத்தின் தங்கை, அலமாரியிலிருந்து ஸ்வீட் டப்பாக்களை எடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொரு டப்பா மேலும் வருஷம் எழுதியிருந்தது. வருஷம் எழுதாத ஒரு பிஸ்கட் டின்னும் இருந்தது.

அதைத் திறந்த ஜோசலின் மூடியைக் கையில் வைத்தபடி நின்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஜெரூ, இதை வைக்காதே" என்றாள்.

"தெரியும் சித்தி. உள்ள வச்சிடுங்க."

அறை வாசலில் நாற்காலியில் இருந்த ஞானையா நிமிர்ந்தார். "ஏன், அதுல என்ன?"

ஜெரூஷா டின்னை வாங்கிக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். அதற்குள் அவள் கண் நிறைந்துவிட்டது.

"இந்த ஆறு மாசமா அம்மா வரைஞ்சது ப்பா. போன மாசமே நான் பாத்தேன். உங்ககிட்ட சொல்லல. பாத்ரூம்ல போய் அழுதுட்டு வந்தேன்."

"எதுக்கு?"

"பாருங்களேன். அம்மாவுக்குக் கலரே தெரியாம போயிருக்கு ப்பா! செம்பருத்தி சேறு மாதிரி இருக்கு. இந்தப் புள்ளிமானைப் பாருங்க, புல்லும் மானும் ஒரே கலர். கிளியைப் பாருங்க, காபிப்பொடியில முக்கி எடுத்த மாதிரி. நீலம் ஒண்ணுதான் சரியா இருக்கு. மருந்து கண்ணைப் பாதிச்சிருக்கு, நாம யாருமே கவனிக்கல. ஒரு கண் டாக்டர்கிட்ட காட்டியிருக்கலாம். கண்ணு தெரியாம உக்காந்து தடவித் தடவி வரைஞ்சிருக்காங்க ப்பா, எங்கம்மா..."

பாயில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஐயோ பாவமே, கண்ணு போயிருச்சா? எப்படி வரையுற கை!" என்று ஒருத்தி உச்சுக்கொட்டினாள். அட்டை ஒன்று கைமாறிக் கைமாறிப் போயிற்று.

ஞானையா டின்னிலிருந்து ஒரு கிளியை எடுத்துப் பார்த்தார். அதில் ஒரு குறையும் தெரியவில்லை. தினமும் சாயங்காலம் கேபிள் வயரில் வந்து உட்காருமே, அதே கிளி. அச்சு அசல்.

காபிப்பொடி என்றா சொன்னாள் மகள்?

அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. ஆறு மாதமாகச் சாயங்காலமானால் புஷ்பம் அவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வாள். மருந்து பாட்டில் மூடிகள் ஐந்தில் பெயிண்ட் குழைத்து வைத்திருப்பாள். "வாத்தியாரே, இதுல எதெல்லாம் ஒண்ணு?" "இதுவும் இதுவும் இதுவும் ஒண்ணு." "இதுக்கும் வயர்ல உக்காந்திருக்கிற கிளிக்கும்?" "ஒண்ணுதான். ஏன், உனக்குத் தெரியலையா?" அவள் ஒரு மூடியைத் தள்ளி வைத்துவிட்டு இன்னொரு சொட்டுக் குழைப்பாள். கண் மங்குகிறதோ, அதைச் சோதித்துப் பார்க்கிறாளோ என்று அவரும் பயந்தார். கேட்கத் தைரியம் வரவில்லை.

அடிப்பாவி! முப்பத்தெட்டு வருஷம் கழித்து, சாகக் கிடக்கும்போது, கேட்ட கண்ணை வாங்கிப் போட்டுக்கொண்டுவிட்டாயே.

ஜோசலின் டின்னை மூடப் போனாள். "உள்ள வச்சிடுறேன் அத்தான். சனங்க ஆளுக்கு ஒண்ணு பேசும். அக்காவுக்குக் கடைசியில கண்ணு தெரியலைன்னு இருக்க வேணாம்."

மூடிவிட்டால் விஷயம் முடிந்தது. அவர் அப்பா சொல்லிப் பூட்டி வைத்தது அப்படியே இருக்கும். நாலு நாளில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். ஆனால் இந்த மகள் மறக்கமாட்டாள். அம்மா குருடாகிச் செத்தாள், நான் கவனிக்கவில்லை என்று ஆயுசுக்கும் அழுவாள். புஷ்பம் வரைந்ததிலேயே பெரிய வேலை அலமாரிக்கு அடியில் கிடக்கும்.

ஞானையா எழுந்தார். டின்னை வாங்கிக்கொண்டு மேசைக்குப் போனார். கிளி, மான், செம்பருத்தி, செம்போத்து என்று ஒவ்வொன்றாக எடுத்து முன்வரிசையில் வைத்தார்.

"அவ கண்ணுல ஒரு குறையும் இல்ல" என்றார். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் பேசுகிற குரல் தானாக வந்துவிட்டது. பாட்டுப் புத்தகம் புரட்டுவது நின்றது. "குறை எனக்கு. பச்சை தெரியாது, சிவப்பு தெரியாது. பொறந்ததுல இருந்தே. ரயில்வேல அதனாலதான் வேலை கிடைக்கல. வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு இருந்தேன். புஷ்பத்துக்கு மட்டும்தான் தெரியும்."

கைமாறிக்கொண்டிருந்த அட்டையைக் கேட்டு வாங்கி அதையும் மேசையில் வைத்தார்.

"இது எல்லாம் என் கண்ணுக்கு எப்படித் தெரியுமோ அப்படி வரைஞ்சிருக்கா. என்னை உக்கார வச்சு, கேட்டுக் கேட்டு வரைஞ்சிருக்கா. எனக்கே இப்பத்தான் புரியுது. அந்தக் கிளியை நான் பாத்தா, கிளியாத்தாம்மா தெரியுது."

கடைசி வாக்கியத்தை அவர் ஜெரூஷாவைப் பார்த்துச் சொன்னார். சொல்லிவிட்டு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஜோசலின் ஓடிவந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். "இதுக்கா இத்தனை வருஷம் வெக்கப்பட்டீங்க அத்தான்" என்று சொல்லிக்கொண்டே அவளும் அழுதாள். உச்சுக்கொட்டிய பெண் பூதக்கண்ணாடியை எடுத்து, புள்ளிமான் மேல் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

ஜெரூஷா இருந்த இடத்திலிருந்து நகரவில்லை.

நாலரைக்கு அடக்கம் முடிந்தது. மண் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, வந்தவர்களுக்கு டீ கொடுத்து அனுப்பிய பிறகு ஞானையா சட்டையைக் கழற்றி ஹேங்கரில் மாட்டினார். அதில் கொக்கு ஒற்றைக்காலில் நின்றது. வாசலில் நிழல் தட்டியது. ஜெரூஷா நின்றுகொண்டிருந்தாள்.

"ஹேங்கர்ல இருக்கிறது எல்லாம் அதுக்குத்தானா?"

"அதுக்குத்தான்."

அவள் ஒவ்வொரு அட்டையாகத் தொட்டுக்கொண்டே போனாள். "நான் இதை வச்சுதான் ப்பா கொக்கு, மைனா எல்லாம் பேர் படிச்சேன்." கடைசி ஹேங்கரில் நின்றாள். "சின்ன வயசுல வண்டலூர் ஜூவுக்குக் கூட்டிட்டுப் போனீங்க. 'அதோ மான்'னு நான் காட்டக் காட்ட, 'எங்கம்மா, எங்க'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்க. என்னை வெளையாட்டுக் காட்டுறீங்கன்னு நினைச்சு விழுந்து விழுந்து சிரிச்சேன்."

"எனக்கு நெசமாவே தெரியல."

"அத்தனை பெரிய மானா தெரியல?"

"புல்லுதான் தெரிஞ்சுது. அப்புறம் அது ஓடிச்சு பாரு, அப்பத் தெரிஞ்சுது."

அவள் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவர் மகளின் தலையைத் தடவிக் கொடுத்தார்.

சற்று நேரம் கழித்து இருவரும் பால்கனிக்கு வந்தார்கள். சேலையூர் ஏரிப் பக்கமிருந்து கிளிகள் கத்திக்கொண்டு வந்து கேபிள் வயரில் வரிசையாக உட்கார்ந்தன. ஜெரூஷா கையில் மேசையிலிருந்து எடுத்த அட்டை இருந்தது. கையை நீட்டி அட்டையை வயருக்கு நேராகப் பிடித்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அட்டையைப் பார்த்தாள், வயரைப் பார்த்தாள், மறுபடி அட்டையைப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒண்ணா ப்பா?"

ஞானையா பார்த்தார்.

"ஒண்ணுதான்."

கீழே லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. கிளிகள் மொத்தமாக எழும்பிப் பறந்தன. ஜெரூஷா நீட்டிய கையை இறக்கவில்லை. காலியான வயருக்கு நேரே அந்த ஒரு கிளியை மட்டும் பிடித்தபடி நின்றாள்.

"அழகாத்தான் ப்பா இருக்கு" என்றாள்.