வலது கிண்ணத்தில் ஏழு துண்டுகள்

அண்ணன் எட்டாவது முறையாக அதே ஹெட்போனோடு வந்து நின்றபோது, எழுந்து கதவைத் திறக்கவே எனக்கு அலுப்பாக இருந்தது.

விலை உயர்ந்த ஹெட்போன்களைப் பிரித்து, உள்ளே இருக்கும் பஞ்சையும் துணியையும் காது மெத்தையையும் மாற்றி, இன்னும் நன்றாக ஒலிக்க வைப்பது என் பிழைப்பு. கடவுளே வந்து பாடினாலும் "பேஸ் கொஞ்சம் தூக்கலா இருக்கே" என்று மூக்கைச் சுளிக்கிறவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். அவர்களை எப்படியும் சமாளித்துவிடுவேன். அண்ணன்தான் ஏழு மாதமாக என் உயிரை எடுக்கிறான்.

அவன் சினிமாவுக்கு ஒலி கலப்பவன். பேச்சு, மழை, கார்க் கதவு என்று ஒவ்வொரு சத்தத்தையும் இடமா வலமா நடுவா என்று பார்த்து வைக்க வேண்டும். காது போனால் அந்த வேலையும் போய்விடும்.

"எலி, இடது பக்கம் மங்கலா இருக்கு" என்றுதான் முதல் முறை வந்தான். எலி நான்தான். சின்ன வயதிலிருந்தே ஒயரைப் பல்லால் கடித்து உரிப்பேன், அதனால் வந்த பட்டம்.

அன்று ஒழுங்காகத்தான் சோதித்தேன். என் மேஜையில் இரண்டு காதிலும் மைக் பொருத்திய ஒரு பொம்மைத் தலை உண்டு. பெயர் மாப்பிள்ளை. சோறு கேட்காது, கோபித்துக்கொள்ளாது, பொய்யும் சொல்லாது. அப்படி ஒரு மாப்பிள்ளை யாருக்குக் கிடைக்கும்? ஹெட்போனை அதன் தலையில் மாட்டினேன். கணினித் திரையில் இடது பக்க ஒலியைக் காட்டும் கோடும் வலது பக்கக் கோடும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்துக்கொண்டன. ஹெட்போனில் ஒரு கோளாறும் இல்லை.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. வலது காதை மூடும் கிண்ணத்தைத் திறந்து, ஒலி வரும் வழியில் நகத்தளவு கம்பளித் துணியை ஒட்டினேன். வலது பக்கம் கொஞ்சம் அடங்கியது. மாட்டிப் பார்த்துவிட்டு, "உன் கையில என்னமோ இருக்குடி" என்றான். அடுத்த மாதமும் வந்தான். இன்னொரு துண்டு ஒட்டினேன்.

இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சோதனை ஒன்று உண்டு. ஹெட்போனைத் திருப்பி மாட்டிப் பார்ப்பது. மங்கல் அடுத்த காதுக்குப் போனால் கோளாறு ஹெட்போனில். போகாமல் அதே காதிலேயே நின்றால் கோளாறு காதில். இரண்டு நொடி வேலை. ஏழு மாதத்தில் நான் ஒருமுறைகூட அதைச் செய்யச் சொல்லவில்லை. பத்தொன்பது வருஷமாக ஒலியோடு மாரடிக்கும் அவனும் செய்யவில்லை. அண்ணி பேசினால் இப்போதெல்லாம் உடம்பை முழுதாகத் திருப்பித்தான் கேட்கிறான். "இத்தனை வருஷம் கழிச்சு என் மூஞ்சியப் பாக்கணும்னு தோணிருக்கு" என்று அண்ணி கிண்டல் செய்தபோது நானும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தேன்.

இன்றைக்கு அவன் முகம் சிவந்திருந்தது.

"டைரக்டர் இதப் போட்டுப் பாத்துட்டு, வலது பக்கம் அடைச்சிருக்குன்றாரு. எனக்குக் கச்சிதமா இருக்கு. உங்க காதுதான் அவுட்டுன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். காது டாக்டர் கார்டையும் எடுத்து கையில திணிச்சுட்டு வந்தேன்."

"அவர் என்ன சொன்னாரு?"

"நாளைக்கு வேற ஆளையும் கூப்பிட்டுக் கேக்க வைக்கிறாராம். நீ எழுதிக் குடு எலி, ஹெட்போன் நல்லா இருக்குன்னு."

எழுதிக் கொடுத்திருக்கலாம். நாளைக்கு நாலு பேர் மாட்டிப் பார்த்து நாலு பேரும் வலது அடைப்பு என்பார்கள். அண்ணன் அங்கேயும் கத்துவான். நினைக்கவே எனக்கு அசதியாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

திருப்புளியை எடுத்து வலது கிண்ணத்தைத் திறந்தேன். துண்டுகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து அவன் முன்னால் வைத்தேன். மொத்தம் ஏழு என்றேன்.

அவன் அவற்றை எண்ணவில்லை. "எப்பேர்ந்து?" என்று மட்டும் கேட்டான்.

"முதல் நாள்லேர்ந்து."

  கிண்ணத்தை மூடி அவனிடம் நீட்டினேன்.

"திருப்பி மாட்டுண்ணா."

வாங்கி, மெத்தைகளைத் துடைத்தான். பிறகு வலதை இடது காதிலும் இடதை வலது காதிலுமாக மாட்டிக்கொண்டான். இரண்டு பக்கமும் ஒரே அளவில் வரும் பீப் சத்தத்தை ஓட விட்டேன். அவன் கை தானாக எழுந்து, அதே இடது காதின் மேல் கிண்ணத்தை அழுத்திப் பிடித்தது.

நான் சத்தத்தை நிறுத்தினேன். அவன் கையை எடுக்கவில்லை.

"கச்சிதமா இருக்குன்னு சொன்னேன்ல, அது பொய்" என்றான். "போன வாரத்துலேர்ந்து மறுபடி மங்கல்தான். ஏழும் பத்தல."

 துண்டுகளை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டே கேட்டேன்.

"டைரக்டர்கிட்ட குடுத்தியே, காது டாக்டர் கார்டு. அது எப்படி உன்கிட்ட வந்துச்சு?"

அவன் ஹெட்போனைக் கழற்றினான். வலது காதை என் பக்கம் திருப்பி, இன்னொரு முறை கேட்கச் சொன்னான். கேட்டேன்.

"எனக்குன்னு வாங்கி மூணு மாசமா பர்ஸ்ல வச்சிருந்தேன்" என்றான். "இப்ப அது வேணும்னா அந்த டைரக்டர்கிட்டதான் போய்க் கேக்கணும்."