நீரே மொதல்ல எடும்

நாலு சிப்பிகளுக்கு மேலே ஒரு கை நிற்கிறது, எடுக்கவும் முடியாமல் இழுத்துக்கொள்ளவும் முடியாமல், அது அப்பாவின் கை, கரைவலைக் கயிறு அறுத்த தழும்போடு, சின்னப் பிள்ளையாகப் பிரகாசி அவர் தோளுக்குப் பின்னால் நிற்கிறாள், அப்பா எத்தனை எடுத்தாலும் மிச்சத்தை எதிரே இருக்கும் தொபியாஸ் மாமா வாரிக்கொள்வார், கடைசிச் சிப்பியை எடுத்தவர் வலைதான் அந்தப் பருவம் முழுக்க விடியலில் முதலில் கடலுக்குள் போகும், மற்ற வலைக்குக் கலங்கின தண்ணீரும் பாசியும்தான், கரையில் இரண்டே வலைகள், சண்டை வேண்டாமென்று யாரோ வைத்த வழக்கம் இது, கோயில் முற்றத்தில் உபதேசியார் இருபது சிப்பி எண்ணி வைப்பார், ஒரு முறைக்கு ஒன்றிலிருந்து மூன்று வரை எடுக்கலாம், யார் தொடங்குவது என்பது மட்டும் ஆடுகிறவர்கள் பேச்சு, தொபியாஸ் மாமா வருசாவருசம் கையை விரித்து, நீரே மொதல்ல எடும் மச்சான், என்பார், என்ன பெருந்தன்மை என்று ஊர் மெச்சும், அப்பா நெகிழ்ந்துபோய் எடுப்பார், தோற்பார், மச்சானுக்குக் கை ராசியில்ல என்று மாமா கரையெல்லாம் சொல்லித் திரிவார், கடைசியில் வலையைச் சுருட்டிப் போட்டுவிட்டு அதே தொபியாஸின் வலைக்குக் கயிறு இழுக்கப் போனார் அப்பா, சாகும்போதும் தன் கையையே வெறித்துக்கொண்டு கிடந்தார்.

அப்பா போன பிறகு பிரகாசி அடுக்களைத் தரையில் புளியங்கொட்டைகளைப் பரப்பித் தனக்குத்தானே ஆடுகிறாள், இடக்கை அப்பா, வலக்கை தொபியாஸ், எதிராளிக்கு நாலை விட்டால் அவன் செத்தான், நாலை விடவேண்டுமானால் அதற்கு முன்னால் எட்டை விட்டிருக்க வேண்டும், எட்டுக்குப் பன்னிரண்டு, அப்படியே ஏறி இருபதில் வந்து நின்றபோது அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது, தொடங்குகிறவன் தோற்கவென்றே வைத்த இருபது, பாவி, பெருந்தன்மையாலேயே கழுத்தை அறுத்திருக்கிறான், பாவசங்கீர்த்தனத்தில் பிரகாசி எல்லாப் பாவத்தையும் சொல்வாள், இந்த வன்மத்தை மட்டும் சொல்லமாட்டாள், சொன்னால் விட்டுவிடச் சொல்வார்கள், அப்பா சுருட்டிப் போட்ட நைந்த வலையைக் கண்ணி கண்ணியாகப் பின்னும்போதெல்லாம் அதையும் சேர்த்தே பின்னினாள்.

இன்று அப்பாவின் இடத்தில் பிரகாசி உட்கார்ந்திருக்கிறாள், உபதேசியார் எண்ணி முடித்துவிட்டார், தொபியாஸ் மாமா கையை விரிக்கிறார், உதடு பிரிகிறது, அதற்குள் ஊருக்கே கேட்கிறமாதிரி அவள் சொல்கிறாள், எத்தன வருசம் எங்கப்பாவுக்கு விட்டுக்குடுத்தீங்க மாமா, இந்தத் தடவ நீங்க மொதல்ல எடுங்க.

ஊர் அவளை மெச்சுகிறது, மாமாவின் முகம் வெளிறுகிறது, பொம்பளப்புள்ள நீ எடு என்று முனகுகிறார், உபதேசியார் சிரித்து, அது மரியாதைக்குச் சொல்லுது, எடுமய்யா, என்கிறார், மறுக்கக் காரணம் சொன்னால் குட்டு உடையும், ஒன்றை எடுக்கிறார், அவள் மூன்று, அவர் மூன்று, அவள் ஒன்று, அவசரமேயில்லை அவளுக்கு, ஒவ்வொரு சிப்பியையும் மணல் தட்டி ருசித்து எடுக்கிறாள், பன்னிரண்டு எட்டாகிறது, எட்டு நாலாகிறது.

நாலு சிப்பிகளுக்கு மேலே ஒரு கை நிற்கிறது, ஒரு நொடி அது அப்பாவின் கைதான், பிறகு அதில் மோதிரம் மின்னுகிறது, தழும்பு இல்லை, கயிறு இழுக்காத கை, எடுங்க மாமா, கை ராசியில்லயோ, என்கிறாள், அவர் அவளை நிமிர்ந்து பார்க்கிறார், எல்லாம் தெரிந்துவிட்டது அவளுக்கு என்பது அவருக்குத் தெரிகிறது, அதற்காகத்தானே இத்தனை வருசம், ஒன்றை எடுத்துக்கொள்கிறார், மிச்சம் மூன்றையும் பிரகாசி அள்ளுகிறாள், இடக்கையால்.